முனைவருக்குப் பின் வரும் ஆண்டுகள்

மும்பை திலக் நகரில் தமிழ்ப் பெற்றோரும் மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



திலக் நகரில் வீட்டுவசதி வாரியமான ம்ஹாடாவின் பழைய கட்டடங்கள் நின்ற இடங்களில் இன்று உயரமான குடியிருப்புகள் எழுகின்றன. அப்படி ஒரு கட்டடத்தில், அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் லிஃப்டில் ஒரு மாடி ஏறுகிறார். பூமியின் மையத்திலிருந்து மூன்று மீட்டர் விலகிவிட்டார். பூமி அவரை இழுக்கும் வலிமை ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எடையாகச் சொன்னால் அறுபது மில்லிகிராம்; இரண்டு மூன்று அரிசி மணியின் எடை. மளிகைக் கடைத் தராசுக்கு இது தெரியாது. நகைக் கடைத் தராசு இதைக் காட்டலாம். ஆனால் அதன்மேல் அறுபது கிலோ மனிதரை ஏற்ற முடியாது.

மாடி ஏறவே தேவையில்லை, மேசைமேல் இருக்கும் கருவியை மூன்று மில்லிமீட்டர் உயர்த்தினாலே இழுவிசை குறைந்ததைக் கண்டுசொல்லும் கருவிகள் இன்று உலகில் இருக்கின்றன. அவற்றில் எடைக்கல் கிடையாது, சுருள்வில் கிடையாது. பல லட்சம் ரூபிடியம் அணுக்கள் ஒரு வெற்றிடக் குழாயில் விழுகின்றன. அவை விழும் விதத்தை லேசர் ஒளி படித்துச் சொல்கிறது. அந்த அணுக்களை முதலில் உறைகுளிரையும் தாண்டிய குளிருக்குக் கொண்டுபோக வேண்டும். அதே கருவியை விண்கலத்தில் ஏற்றும் வேலையில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சீனாவும் முன்னே போய்க்கொண்டிருக்கின்றன. இந்தியாவும் அந்தப் பாதையில் காலெடுத்து வைத்துவிட்டது.

இன்றைய உரை அந்தக் கருவியைப் பற்றியது. அதைக் கட்டுபவரின் வாழ்க்கையில் வரும் சில ஆண்டுகளைப் பற்றியதும்கூட. முனைவர் பட்டம் வாங்கியாயிற்று, நிலையான வேலை இன்னும் கிடைக்கவில்லை; அந்த இடைப்பட்ட ஆண்டுகள். எழுத்தில் ‘முதுமுனைவர் ஆய்வு’ என்கிறோம். ஆய்வகத்தில் ‘போஸ்ட்டாக்’ என்கிறார்கள். செம்பூர், மாதுங்கா வீடுகளில் இந்தச் சொல் காதில் விழுந்ததும் வரும் கேள்வி ஒன்றே: “வேலை பெர்மனென்ட்டா?” பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரின் வாடகை அப்படி. ஆனால் குளிர்ந்த அணுக்களின் வரலாற்றைப் பார்த்தால், அதன் பெரிய திருப்பங்களில் பல அந்த நிலையில்லாத ஆண்டுகளில்தான் நடந்திருக்கின்றன. அதில் நம் ஊர்க்காரர்களும் உண்டு.

அணுவை எப்படி ஆற்றுவது?

சூடு என்பது அணுக்களின் ஓட்டம். இந்த அறையின் வெப்பத்தில் ஒரு ரூபிடியம் அணு நொடிக்கு முந்நூறு மீட்டரை ஒட்டிய வேகத்தில் பாயும். அதைக் குளிரவைப்பது என்றால் அதன் ஓட்டத்தை நிறுத்துவது. லேசர் ஒளியின் ஒரு துகள் அணுவின்மேல் மோதினால் அதன் வேகம் நொடிக்கு ஆறு மில்லிமீட்டர் மாறும். ஆகவே எதிரே வரும் ஒளித்துகள்கள் சுமார் ஐம்பதாயிரம் மோதினால் அணு நின்றுவிடும். மாலை ஏழு மணிக்குக் குர்லா நிலையப் பாலத்தில், வரும் கூட்டத்தை எதிர்த்து ஓட முயல்பவரின் கதிதான் அணுவுக்கும். ஒளித்துகள்கள் மோதும் வேகத்தில் இதெல்லாம் சில ஆயிரத்தில் ஒரு நொடிகளில் முடிந்துவிடும்.

எதிரே வரும் ஒளி மட்டும் மோத வேண்டும், பின்னாலிருந்து வரும் ஒளி மோதக் கூடாது. இதற்கு ஒரு வழி உண்டு. ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஹாரன் ஒலி உச்சத்தில் கேட்கிறது. கடந்து போனதும் தணிகிறது. ஒளிக்கும் அப்படித்தான். அணு ஏற்கும் நிறத்துக்குச் சற்றுக் குறைவாக லேசரைச் சுருதி சேர்த்து வைத்தால், லேசரை நோக்கி ஓடும் அணுவுக்கு மட்டும் அது சரியான சுருதியாகக் கேட்கும். மேல், கீழ், நான்கு பக்கங்கள் என ஆறு திசைகளிலிருந்தும் இப்படி ஒளியைப் பாய்ச்சினால், அணு எந்தப் பக்கம் ஓடினாலும் தடுக்கப்படும். இந்த வழியை வளர்த்தெடுத்ததற்காக ஸ்டீவன் சூ, குளோட் கோஹென்-தனூஜி, வில்லியம் பிலிப்ஸ் மூவருக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

லேசர் கொண்டுபோகும் குளிர் தனிச்சுழி வெப்பநிலைக்குப் பத்து லட்சத்தில் சில பாகைகள் மேலே நிற்கும். அதற்கும் கீழே போக, நம் வீட்டு மண்பானையின் முறை கைகொடுக்கிறது. பானையின் துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மிஞ்சிய நீர் குளிர்கிறது. காந்தப் பொறியிலோ ஒளிப் பொறியிலோ அடைபட்ட அணுக்களில் வேகமானவற்றை மட்டும் தப்பவிட்டால், மிஞ்சியவை மேலும் குளிரும். ஒரு கட்டத்தில் அணுக்கள் தனித்தனி ஆட்களாக இருப்பதை விட்டுவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே அலையாக நடந்துகொள்ளத் தொடங்கும். அதற்குப் பெயர் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள்.

டாக்காவில் இருவர்

பெயரின் முதல் பாதி சத்யேந்திரநாத் போஸ். 1924இல் அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர். வயது முப்பது. முனைவர் பட்டம் இல்லை. ஒளித்துகள்களை எண்ணுவதற்குப் புதிய கணக்கு ஒன்றை எழுதி, 1924 ஜூன் 4 அன்று ஐன்ஸ்டைனுக்குக் கடிதத்துடன் அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பிறகு அதே கணக்கை அணுக்களுக்கும் நீட்டி, மிகக் குளிர்ந்த நிலையில் அணுக்கள் ஒன்றுகூடிவிடும் என்று 1925இல் சொன்னார். அவரிடமிருந்து வந்த ஓர் அஞ்சலட்டையைக் காட்டித்தான் போஸுக்கு இரண்டு ஆண்டு ஐரோப்பிய விடுப்பு கிடைத்தது. பாரிஸிலும் பெர்லினிலும் அவர் கழித்த அந்த ஆண்டுகளை இன்றைய சொல்லில் போஸ்ட்டாக் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொருவர் நம்மவர். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரையிலும் சென்னையிலும் படித்துவிட்டு, கல்கத்தாவில் ராமனிடம் போனார். 1923 முதல் 1928 வரை ராமனின் ஆய்வகத்தில் ஆய்வாளர். சிதறும் ஒளியில் புது நிறம் தோன்றுவதை, பின்னாளில் ராமன் விளைவு எனப்பட்டதைப் பற்றி 1928 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்த குறிப்பில் இருவர் பெயர்: ராமன், கிருஷ்ணன். திருவானைக்காவலில் பிறந்த ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு வந்தது. கிருஷ்ணன் அதற்கு முன்பே, 1928 இறுதியில், டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்துவிட்டார். அங்கே இயற்பியல் துறையில் போஸ் இருந்தார். 1933 வரை இருவரும் ஒரே துறையில் வேலை செய்தார்கள்.

குளிர்ந்த அணுக் கருவிக்கும் இவர்களுக்கும் உள்ள உறவு வெறும் பெயர் உறவு அல்ல. 1991இல் மார்க் காசெவிச்சும் ஸ்டீவன் சூவும், விழும் அணுவைக் கொண்டு ஈர்ப்பை அளக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டில் செய்து காட்டினார்கள். அந்த முறையில் இரண்டு லேசர் ஒளிகளைச் சேர்த்து அடித்து, ஒரே அணுவை ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் போகவைக்கிறார்கள். பிறகு மீண்டும் சேர்க்கிறார்கள். இரண்டு பாதைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஈர்ப்பின் அளவு எழுதியிருக்கும். அணுவைப் பிரிக்கும் அந்த ஒளித்துடிப்பு ராமன் விளைவின் வழியில் வந்தது; இயற்பியலாளர்கள் இன்றும் அதை ‘ராமன் துடிப்பு’ என்றே அழைக்கிறார்கள். உலகின் எந்த மூலையில் இந்த முறையில் குளிர்ந்த அணு ஈர்ப்புமானியை இயக்கினாலும் கல்கத்தா ஆய்வகத்தின் 1928ஆம் ஆண்டு அதற்குள் இருக்கிறது.

கிருஷ்ணன் 1947இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். இந்திய நேரத்தை அணுக்கடிகாரங்களால் காத்துவருவது அதே ஆய்வகம்.

எழுபது ஆண்டு காத்த கணிப்பு

ஐன்ஸ்டைன் சொன்ன அந்தச் செறிபொருள் ஆய்வகத்தில் உருவாக எழுபது ஆண்டுகள் ஆயின. 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் போல்டர் நகரில், சுமார் இரண்டாயிரம் ரூபிடியம் அணுக்கள் 170 நானோகெல்வின் குளிரில் ஒன்றுகூடின. நானோகெல்வின் என்றால் ஒரு பாகையில் நூறு கோடியில் ஒரு பங்கு. போஸ் 1974இலும் கிருஷ்ணன் 1961இலும் மறைந்துவிட்டிருந்தார்கள்.

அந்தச் சோதனையை நடத்திய எரிக் கார்னல், 1990இல் கார்ல் வீமனிடம் போஸ்ட்டாக்காகப் போல்டருக்கு வந்தவர். அதே 1990இல் வோல்ஃப்கேங் கெட்டர்லே என்ற ஜெர்மானியர் எம்.ஐ.டி.யில் டேவிட் பிரிச்சர்டிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தார். மூத்தவரான பிரிச்சர்ட் பின்னர் செய்த ஒரு காரியத்தை ஒவ்வொரு ஆய்வு நிறுவனமும் தெரிந்துகொள்ள வேண்டும். கெட்டர்லே தமக்கென ஆய்வகம் தேடி வேறு ஊருக்குப் போய்விடாமல் இருக்க, பிரிச்சர்ட் தம் சோதனைக் கருவியையே அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தத் துறையில் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டார். 1995இல் கெட்டர்லே சோடியம் அணுக்களில் செறிபொருளை உருவாக்கினார். 2001இல் கார்னல், வீமன், கெட்டர்லே மூவருக்கும் நோபல் பரிசு. மூவரில் இருவர் அந்த ஆய்வகங்களுக்குள் நுழைந்தபோது நிலையான வேலையில் இல்லை.

ஏன் விண்வெளி?

ஈர்ப்பை அளக்கும் அணு எவ்வளவு நேரம் தடையின்றி விழுகிறதோ அவ்வளவு நுட்பம். நேரத்தை இரட்டித்தால் நுட்பம் நான்கு மடங்கு ஆகும். ஆனால் பூமியில் ஒரு நொடிக்குள் அணு ஏறத்தாழ ஐந்து மீட்டர் விழுந்துவிடும். ஆகவே சிலர் பத்து மீட்டர் உயரத்துக்கு வெற்றிடக் குழாய் நட்டார்கள். ஜெர்மனியின் பிரெமனில் 146 மீட்டர் உயரக் கோபுரத்துக்குள் ஆய்வகத்தையே ஒரு பேழைக்குள் வைத்துக் கீழே போடுகிறார்கள், 4.7 நொடி எடையின்மை கிடைக்கிறது. 2017 ஜனவரி 23 அன்று சுவீடனின் கிருனா அருகிலிருந்து மையஸ்-1 என்ற ராக்கெட் ஒரு ரூபிடியம் ஆய்வகத்தைச் சுமந்துகொண்டு 243 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பியது. விண்வெளியில் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் உருவானது அதுவே முதல்முறை. ஆறு நிமிட எடையின்மையில் 110 சோதனைகள் நடந்தன.

சுற்றுப்பாதையில் விண்கலமும் அணுவும் சேர்ந்தே விழுகின்றன. அதனால் அணு கருவிக்குள் மிதக்கிறது. மோத ஒரு தரை இல்லை. 2018 மே 21 அன்று நாசாவின் குளிர் அணு ஆய்வகம், சின்னக் குளிர்பதனப் பெட்டி அளவில், பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியது. அதே ஆண்டில் அங்கே செறிபொருள் உருவாக்கப்பட்டது.

அதற்கு மறுநாள், 2018 மே 22 அன்று, வேறொரு ஏவுதளத்திலிருந்து கிரேஸ்-ஃபாலோ-ஆன் என்ற இரட்டை விண்கலங்கள் பறந்தன. இவற்றில் குளிர்ந்த அணு இல்லை. ஆனால் குளிர்ந்த அணுக்களை ஏன் விண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு நம் நாட்டுக்கான விடை இந்த இரட்டையரிடம்தான் இருக்கிறது.

நிலத்தடி நீரை எடை போடுதல்

இந்தியாவில் ஈர்ப்பை அளக்கும் வேலை பழையது. 1802இல் சென்னை பரங்கிமலையடியில் தொடங்கிய நில அளவை இமயம் வரை நீண்டபோது, நிலத்தின் ஈர்ப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது என்ற சிக்கல் எழுந்தது. 1865 முதல் பேசெவி என்ற அதிகாரி ஊசல்களைத் தூக்கிக்கொண்டு நாட்டின் பல இடங்களுக்குப் போனார். ஊசலின் ஆட்டத்தை எண்ணி எண்ணி ஈர்ப்பை அளந்தார். 1871இல் லடாக்கின் உயர்ந்த பீடபூமியில் அந்த வேலையிலேயே இறந்தார்.

இன்று அதை வானிலிருந்து செய்கிறார்கள். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டையர் ஒருவர்பின் ஒருவராக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் பூமியைச் சுற்றினார்கள். கீழே நிறை கூடிய இடம் வந்தால் முன்னவரை அது சற்று இழுக்கும்; இடைவெளி மாறும். அந்த மாற்றத்திலிருந்து கீழே எவ்வளவு நிறை இருக்கிறது என்று கணக்கிடலாம். நிலத்தடி நீருக்கும் நிறை உண்டு அல்லவா? 2009இல் மாத்யூ ராடெல் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை நம் நாட்டை உலுக்கியது. 2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டது என்பது அதன் முடிவு. ஒரு கிணற்றைக்கூட இறங்கிப் பார்க்காமல், வானிலிருந்து அளந்த பூமியின் இழுவிசையை முதன்மையாக வைத்துச் சொன்ன கணக்கு.

ஆனால் கிரேஸின் பார்வை மங்கல். அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மிகச் சிறிய நிலப்பரப்பு, 1,30,000 சதுர கிலோமீட்டர் கொண்ட தமிழ்நாட்டை ஒத்த அளவு. காவிரிப் படுகையில் நீர் ஏறியதா, கொங்கு நாட்டில் இறங்கியதா என்று அது பிரித்துச் சொல்லாது. மாவட்டம் மாவட்டமாகப் பார்க்க வேண்டுமானால் இன்னும் கூர்மையான கருவி வேண்டும். இரண்டு குளிர்ந்த அணு மேகங்களை மிதக்கவிட்டு, இரண்டும் உணரும் ஈர்ப்பின் வேறுபாட்டை அளக்கும் கருவியை நாசா 2025இல் அறிவித்தது. எடை சுமார் 125 கிலோ; இந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் ஏவுவது நோக்கம். ஐரோப்பாவில் கரியோக்கா என்ற திட்டம் இதே திசையில் போகிறது.

தரையில் இதன் பயனை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2022இல் காட்டிவிட்டார்கள். ஆய்வகத்துக்கு வெளியே, சாலையில், குளிர்ந்த அணுக் கருவியை நகர்த்திக்கொண்டே போய், சாலைக்கு அடியில் இருந்த சுரங்கவழியைக் கண்டார்கள். எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கு அடியில் ஓடுகிறது என்று தெரியாமல் தோண்டித் தோண்டி மூடும் மும்பைக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

நம் கடிகாரங்கள்

அணுவை நம்பி இந்தியா விண்ணுக்கு அனுப்பிய கருவி அணுக்கடிகாரம். நாவிக் வழிகாட்டி அமைப்பின் முதல் செயற்கைக்கோள் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ 2013 ஜூலை 1 அன்று போனது. வழிகாட்டும் செயற்கைக்கோளின் உயிர் அதன் கடிகாரம். ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினாலே தொலைவில் முப்பது சென்டிமீட்டர் பிழை வரும். அந்தச் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. மூன்றும் நின்றுபோயின. செயற்கைக்கோள் வானில் நலமாக இருந்தது. வழிகாட்ட மட்டும் முடியவில்லை. மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2018 ஏப்ரலில் அடுத்தது வெற்றியாகச் சென்றது. ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பிலும் அதே காலத்தில் கடிகாரங்கள் நின்றன. ஆக, இது ஒரு நாட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. விண்ணில் அணுவைக் கட்டி வைப்பது அவ்வளவு கடினம்.

அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தானே ரூபிடியம் கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2023 மே 29 அன்று என்.வி.எஸ்.-01 அந்த உள்நாட்டுக் கடிகாரத்தோடு போனது. 2025 ஜனவரி 29 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில், என்.வி.எஸ்.-02 கிளம்பியது, ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தும், செயற்கைக்கோளின் வால்வுகள் திறக்காததால் சுற்றுப்பாதையை உயர்த்த முடியவில்லை. ஒரு பக்கம் வென்றால் இன்னொரு பக்கம் கைவிடும் துறை இது.

இந்தக் கடிகாரங்கள் சூடான ரூபிடியம் ஆவியில் இயங்குபவை. அடுத்த தலைமுறைக் கடிகாரம் குளிர்ந்த அணுவில் இயங்கும். சீனா 2016இல் தியான்கொங்-2 ஆய்வகத்தில் அப்படியொன்றை அனுப்பிச் சோதித்தது. 2025 ஏப்ரலில் ஐரோப்பாவின் ஏசெஸ் தொகுதி விண்வெளி நிலையத்துக்குப் போனது. அதிலுள்ள ஃபாராவோ கடிகாரம் குளிர்ந்த சீசியம் அணுக்களில் ஓடுவது. முப்பது கோடி ஆண்டுக்கு ஒரு நொடி என்பது அதன் துல்லிய இலக்கு. திட்டம் பிறந்தது 1990களில். முப்பது ஆண்டுக்கு அருகில் நீண்ட வேலை. எத்தனை முனைவர் பட்ட மாணவர்கள், எத்தனை போஸ்ட்டாக்குகள் அதற்குள் தங்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்!

நம் ஊரில்

திலக் நகரிலிருந்து ஹார்பர் ரயிலேறி, கடைசி நிலையத்தில் இறங்கி, பேருந்தில் கொலாபா போனால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே சி. எஸ். உண்ணிகிருஷ்ணனின் குழு அங்கே ரூபிடியம் அணுக்களை ஒளிப் பொறியில் அடைத்துச் செறிபொருள் உருவாகும் குளிருக்குக் கொண்டுபோனது. அந்தக் குழுவில் மாணவராக இருந்த சப்தரிஷி சௌதுரி இன்று பெங்களூரில், ராமன் உருவாக்கிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்துக் குளிரவைக்கும் ஆய்வகத்தை நடத்துகிறார். புனேயின் ஐசர் நிறுவனத்தில் உமாகாந்த் ராபோலின் குழு செறிபொருள் ஆய்வில் இருக்கிறது. இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்திலும் குளிர்ந்த அணு ஆய்வு நடக்கிறது.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030-31 வரை நடக்கும் திட்டம். அதன் நான்கு மையங்களில் குவாண்டம் உணர்தலுக்கும் அளவியலுக்கும் உரியது பவாயில், பம்பாய் ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது. குவாண்டம் தகவல்தொடர்புக்கு உரியது சென்னை ஐ.ஐ.டி.யில். நுட்பமான அணுக்கடிகாரங்களைச் செய்வது அந்த இயக்கத்தின் அறிவிக்கப்பட்ட குறிக்கோள்களில் ஒன்று.

பணம் வந்துவிட்டது, கட்டடம் எழும். குளிர்ந்த அணுவைக் கையில் பிடிக்கத் தெரிந்த ஆள்?

அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். வெற்றிடக் கலத்தைப் பூட்டி, வாரக்கணக்கில் அடுப்புச் சூட்டில் வைத்துச் சுவர்களில் ஒட்டிய நீராவியை விரட்டுகிறார். கதவு திறந்து மூடினாலே சுருதி விலகும் லேசரை மீண்டும் மீண்டும் பூட்டுகிறார். மழைக்கால ஈரம் கண்ணாடியில் படியாமல் காக்கிறார். மேசையில் நூற்றுக்கணக்கான ஆடிகள். ஒன்று நூலிழை நகர்ந்தால் அணு மேகம் காணாமல் போகும். சாலையும் லிஃப்டும் அடங்கிய பின்னிரவில் அளவெடுக்கிறார். இதே அறை நிறைந்த கருவியைச் சின்னப் பெட்டிக்குள் அடக்கி, ராக்கெட் குலுக்கலிலும் ஓர் ஆடிகூட நகராமல் நிறுத்துவது விண்வெளிக்கான வேலை. இதைப் புத்தகம் கற்றுத் தராது. முனைவர் பட்டத்தின் ஐந்தாறு ஆண்டுகளில் ஒருவர் கருவியோடு பழகுகிறார். அதன் பின்வரும் ஆண்டுகளில்தான் புதிய கருவியைத் தானே கட்டும் துணிவு வருகிறது. அந்த நேரம் பார்த்து அவரை இழந்தால், கருவியின் பாதி அறிவு அவரோடு வெளியே போய்விடும்.

2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விகிதப்படி ஆய்வு உதவியாளருக்கு மூன்று படிகளில் மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. தேசிய முதுமுனைவர் நல்கை இரண்டு ஆண்டுக்கு. ஒருவர் முப்பது வயதில் சேர்ந்து, கருவி ஓடத் தொடங்கும்போது முப்பத்திரண்டில் வெளியேற வேண்டும். வெற்றிடக் கலம் கட்டி முதல் அணு மேகம் தெரியவே ஓராண்டு போய்விடும் துறைக்கு இரண்டு ஆண்டு போதாது. அந்த வயதில் திருமணம், பிள்ளை, பெற்றோரின் மருத்துவம் எல்லாம் சேர்ந்து வரும். பெண் ஆய்வாளர்களுக்கு அந்தச் சுமை இரட்டிப்பு.

ஆகவே இந்த அவையிலிருந்து இரண்டு கோரிக்கைகள்.

முதலாவது, ஆய்வு நிறுவனங்களுக்கும் அவற்றுக்குப் பணம் தருபவர்களுக்கும். குளிர்ந்த அணுக்களில் வேலை செய்யும் போஸ்ட்டாக்குக்கு ஐந்து ஆண்டு கொடுங்கள். மாதச் சம்பளம் மாதம் பிறந்ததும் கைக்கு வரட்டும். கருவியைக் கட்டியவர் பெயர் கட்டுரையில் முதலில் நிற்கட்டும். பிரிச்சர்ட் கெட்டர்லேக்குச் செய்ததை இங்கே ஒரு மூத்த பேராசிரியர் செய்ய முன்வரட்டும்.

இரண்டாவது, இங்கே அமர்ந்திருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள்; ராமனும் கிருஷ்ணனும் கல்கத்தாவில் அந்தப் புதிய ஒளியைக் கண்ட நாள். அதையொட்டிப் பல ஆய்வு நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கதவு திறக்கின்றன. உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். லேசர் மேசையருகே நிற்கும் ஆய்வாளர் உங்கள் பிள்ளையின் வயதை ஒட்டியவராக, தமிழ் பேசுபவராகக்கூட இருக்கலாம். அவரிடம் வேலை பெர்மனென்ட்டா என்று கேட்காதீர்கள். “இந்தக் கருவியில் நீங்கள் கட்டிய பகுதி எது?” என்று கேளுங்கள். நாளை உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி முனைவர் பட்டத்தோடு வந்து, “இன்னும் மூன்று வருஷம் வேண்டும் அப்பா” என்று சொன்னால், அவளிடமும் அதையே கேளுங்கள்.